நான்கில் ஒருவர் சோம்பேறி

1965-ஆம் வருஷத்து எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார்; ஐடிலில் விட்டால் உடம்பெல்லாம் உதறுகிறது. கார்புரேட்டரைக் கழற்றிவிடலாமா?

விசாரணைக்கு முன்பே தூக்குத் தண்டனையா? வெளியே பளபளவென்று தெரியும் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்களின் மீது பழி சுமத்துவது உலக வழக்கமாயினும், சோதித்துப் பார்க்குமிடத்து, டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்குள் பரம சாதுவாக அமர்ந்திருக்கும் கான்டாக்ட் பாயிண்டே பல சமயம் குற்றவாளியாக அகப்படுகிறது. முதலில் அதன் இடைவெளி 0.015 அங்குலம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு சிலிண்டரில் வேலை செய்யாதது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் ஆபீஸில் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? எவர் லீவில் போனாலும் காரியம் லவலேசமும் மாறாமல் நடக்கிறதோ அவர்தானே! அவ்வண்ணமே, என்ஜின் ஓடுகையில் காப்புறையிட்ட இடுக்கியால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக விலக்கினால், எதை விலக்கியபோது சப்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரே சோம்பேறி. அதில் கம்ப்ரெஷனும் குறைந்திருந்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டதும் ஏறினால், தேய்ந்தது பிஸ்டன் ரிங். ஏறாவிடில் வால்வைச் சந்தேகியுங்கள்.

பிளக்கைக் கழற்றினேன், கன்னங்கரேலென்று கரி. என்ன அர்த்தம்?

பெட்ரோல் பங்க் முதலாளிக்குச் சுக்கிர தசை என்று அர்த்தம்! உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுதிக்கு லக்ஷணம். வெண்மை, காற்று மிகுதிக்கு. இளம் பழுப்பே உத்தமம்.

இத்தனை உபத்திரவம் தரும் காரை இன்னுமா ஓட்டுகிறார்கள்?

இங்கிலாந்தில் அதைச் செய்த ஆபிங்டன் தொழிற்சாலை 1980-இல் மூடிவிட்டது. உதிரிபாகக் கடைகள் மூடவில்லை!