200 ஆம்பியர் குடும்பஸ்தர்

கேட் கீல் விட்டுப்போனால் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு ஐந்நூறு ரூபாய் கொடுத்த காலம் மலையேறிவிட்டது. இப்போது சில ஆயிரத்துக்கு வெல்டிங் மெஷினையே வாங்கிவிடுகிறோம். சிக்கனம்!

பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினை நகர்த்தவே இரண்டு ஆள் வேண்டும். இந்த இன்வெர்ட்டர் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடி ஏறலாம். முகப்பில் '200' என்று கொட்டை எழுத்து வேறு. 200 ஆம்பியரில் பற்றவைக்க, ராடு முனையில் மட்டுமே சுமார் 5.6 கிலோவாட் வேண்டும். வீட்டு 16 ஆம்பியர் பிளக் தம் கட்டினாலும் 3.7தான் தரும். மீதியை விளம்பரம் தருகிறது போலும். நல்லவேளை, கேட்டுக்குத் தேவையான 2.5 மி.மீ. ராடு எண்பது ஆம்பியரிலேயே திருப்தியாகிவிடும்.

மெல்லிய சதுரக் குழாய்தான் யாருக்கும் கட்டுப்படாத பிறவி. கரண்டைக் கூட்டினால் ஓட்டை. குறைத்தால் ராடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். ஓட்டையை அடைக்கப் போனால் அதைவிடப் பெரிய ஓட்டை.

கூடவே இலவசமாக ஒரு கைப்பிடிக் கண்ணாடி. ஒரு கையில் அது, மறு கையில் ஹோல்டர். கீலை யார் பிடிப்பது? அதற்குத்தான் ஊரிலிருந்து வந்த மச்சான். "கண்ணை மூடிக்கோங்க மச்சான்" என்பதே அவருக்கான பாதுகாப்புக் கவசம். நள்ளிரவில் மணல் கொட்டியதுபோல் கண் உறுத்தி எழுந்து உட்காருவார்.

டியூட்டி சைக்கிள் 60 சதவீதம் என்றால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வேலை, நான்கு நிமிடம் ஓய்வு. இந்தச் சலுகை மெஷினுக்கு மட்டும், மச்சானுக்குப் பொருந்தாது.