பிரேக் பெரியப்பா

எல்லாக் குடும்பத்திலும் ஒரு பிரேக் பெரியப்பா உண்டு. கார் யாருடையதாக இருந்தாலும் முன்சீட் அவருடையது. முப்பது வருஷம் அம்பாசடர் ஓட்டியவர். இதுவரை ஒருவர் மேலும் இடித்ததில்லை. வந்தவர்கள்தான் இவர் மேல் இடித்திருக்கிறார்கள்.

இடப்பக்கம் பெடல் கிடையாது என்பது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு சிவந்தால் போதும், வலது கால் தானாகத் தரையை உதைக்கத் தொடங்கிவிடும். தாம்பரம் தாண்டுவதற்குள் காலடி மேட் பாதி தேய்ந்திருக்கும். வாய் கூடவே தாளம் போடும்: "விட்டு விட்டு மிதிடா! ஒரேயடியா அமுக்கினா வீல் லாக் ஆயிடும்!"

அநியாயமாகப் பேசக்கூடாது. அவர் காலத்துக்கு அது சத்தியமான பேச்சு. அம்பாசடரில் ஓங்கி மிதித்தால் சக்கரம் நின்றுவிடும். வண்டி நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். வழுக்கும் சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. அதனால்தான் விட்டு விட்டு மிதித்தார்கள்.

ஆனால் 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதுக் கார்களுக்கு, சக்கரம் அப்படி நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரங்களின் வேகத்தை சென்சார்கள் பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒன்று நின்றுவிடும்போல இருந்தால், அதன் பிரேக்கைத் தளர்த்தி மறுபடி இறுக்கும். இதெல்லாம் ஒரே விநாடியில் பல தடவை நடக்கும். எவ்வளவு அனுபவசாலியின் காலுக்கும் அந்த வேகம் வராது. இதை எடுத்துச் சொன்னால் பெரியப்பா ஒரே கேள்விதான் கேட்பார்: "அந்தக் கம்ப்யூட்டருக்கு லைசென்ஸ் இருக்கா?"

ஒரு மழை நாள். ஜிஎஸ்டி ரோட்டில் திடீரென்று ஒரு எருமை குறுக்கே வந்தது. பெரியப்பாவின் தம்பி மகன்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். முழு பலத்தோடு மிதித்தான். பெடல் தடதடவென்று துடித்தது. அடியில் கரகரவென்று சத்தம்.

"எடுடா காலை! என்னமோ உடைஞ்சு போச்சு!"

உடையவில்லை. ஏபிஎஸ் வேலை செய்யும்போது வரும் துடிப்பும் சத்தமும்தான் அது. அதற்குப் பயந்து காலை எடுத்தால் பிரேக்கும் போய்விடும். பையன் எடுக்கவில்லை. மிதித்தபடியே ஸ்டியரிங்கை லேசாக ஒடித்தான். கார் எருமைக்குப் பக்கத்தில் போய் நின்றது. எருமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரியப்பா கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா? நான் விட்டு விட்டு மிதிச்சதாலதான் நின்னுது!"

ஆகவே வாசகர்களே, உங்கள் காரில் ஏபிஎஸ் இருந்தால் அவசரத்தில் ஓங்கி மிதியுங்கள். மிதித்த காலை எடுக்காதீர்கள். ஒதுங்க இடம் இருக்கும் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். ஏபிஎஸ் இருக்கிறதே என்று முன்வண்டியை ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். மணலிலும் ஜல்லியிலும் அது வண்டியை இன்னும் தள்ளிப்போய்த்தான் நிறுத்தக்கூடும். வண்டியைக் கிளப்பிய பிறகும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு அணையவில்லையென்றால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்; நேராக மெக்கானிக்கிடம் போங்கள். போய்ச் சேரும்வரை மெதுவாக ஓட்டுங்கள். அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் பெரியப்பா சொல்வதே சட்டம்.