பிரேக் ஜர்னி

எண்பதுகளில் ரிசர்வேஷன் கவுண்டரில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு, இண்ட்ரெயில் பாஸ்காரர்களை வரிசையில் பார்த்ததுமே தெரிந்துவிடும். முதுகில் பெரிய பை, கையில் கசங்கிய வரைபடம். அவசரம் என்பதே முகத்தில் இருக்காது. "மதுரைக்கு இடம் இல்லை" என்றால் "சரி, திருச்சி?" என்று கேட்பார்கள். திருச்சிக்கும் இல்லையென்றால், "இன்று ராத்திரி எந்த வண்டியில் இடம் இருக்கிறதோ அதில் போடுங்கள்" என்பார்கள். அந்தப் பாஸ் வெளிநாட்டவருக்கும் வெளிநாடுவாழ் இந்தியருக்கும் மட்டும்தான். விலையும் டாலரில். வாங்கிவிட்டால் குறிப்பிட்ட நாட்கள்வரை நாடு முழுக்கச் சுற்றலாம். 2017-ல் அதை நிறுத்திவிட்டார்கள்.

அதே வரிசையில், அவருக்குப் பின்னால் நிற்பவர் விடியற்காலை முதல் பஸ் பிடித்து வந்தவர். தங்கை கல்யாணம், ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸில் ஆறு பெர்த் வேண்டும். அந்தத் தேதியில் அந்த வண்டியில் இடம் இல்லை என்று நான் சொன்னால், அவரிடம் அடுத்த கேள்வி இருக்காது. கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். எந்த வண்டியானாலும் சரி என்று சொல்ல முடிகிற மனிதனுக்கும், அந்த ஒரு வண்டியை விட்டால் வேறு வழியே இல்லாத மனிதனுக்கும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவன் நான். அந்த வித்தியாசம் வெகுநாள் என்னை உறுத்தியது.

நம்மவர்களுக்கும் வசதி இருக்கத்தான் செய்தது. நீண்ட தூர டிக்கெட்டில் 'பிரேக் ஜர்னி' செய்யலாம். முதல் 500 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு வழியில் இறங்கி இரண்டு நாள் தங்கலாம். 1000 கிலோமீட்டருக்கு மேல் என்றால் அப்படி இரண்டு முறை. இறங்கிய ஸ்டேஷனில் டிக்கெட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சுற்றுப் பயண டிக்கெட்டில் எட்டு இடங்கள்வரை இறங்கி ஏறலாம். காசி யாத்திரைக்காரர்கள் அதைத்தான் வாங்குவார்கள். ஆனால் எங்கே இறங்குகிறோம் என்பதை முதலிலேயே எழுதிக் கொடுத்து, கட்டணம் கணக்குப் போட்டு வாங்கி வரவேண்டும். ரயில்வே ஊழியனான எனக்குக் கிடைத்த இலவச பாஸிலும் வழியும் இறங்கும் ஊரும் எழுதித்தான் தருவார்கள். கம்ப்யூட்டர் வராத காலத்தில் அடுத்த ஊரிலிருந்து கிளம்பும் வண்டிக்குத் தந்தி கொடுத்து இடம் கேட்கவேண்டும். பதில் வருமா வராதா என்று ஊர் ஊராகக் காத்திருப்போம். ஒரு கண்ணி அறுந்தால் மீதிப் பயணம் முழுக்கப் போயிற்று. என் தலைமுறை ஆட்கள் பயணத் திட்டத்தை மணிக்கணக்கில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

வெளிநாடு என்றால் இன்னும் இறுக்கம். எழுபதுகளின் தொடக்கத்தில் என் சித்தப்பா தொழிற்சாலைப் பயிற்சிக்காக மேற்கு ஜெர்மனி போனார். அவருடைய பாஸ்போர்ட்டை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். எந்தெந்த நாட்டுக்கு அது செல்லும் என்று பேனாவால் எழுதியிருந்தது. கடைசிப் பக்கங்களில், எவ்வளவு அன்னியச் செலாவணி கொடுத்தோம் என்று பாங்க் எழுதி முத்திரை குத்தியிருந்தது. வெளிநாடு போவதும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 1967 ஏப்ரலில்தான். அதன் பிறகுதான் அந்த ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் வந்தது. சித்தப்பா அங்கே இருந்த மாதங்களில் பக்கத்து நாட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ரைன் நதியின் அக்கரை பிரான்ஸ் என்று ஏரோகிராமில் எழுதினார், அவ்வளவுதான்.

இப்போது என் பேத்திக்கு 26 வயது. பெருங்குடியில் வேலை. ரேடியல் ரோடு வழியாகப் போய் வருகிறாள். போன வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "தாத்தா, நாம ரெண்டு பேரும் ஐரோப்பா போலாமா? ட்ரெயின்லயே சுத்தலாம். எல்லாத்தையும் முன்னாடியே புக் பண்ண வேணாம், ஃப்ளெக்ஸிபிளா போலாம்" என்றாள். அவள் பாட்டிக்குக் குளிர் ஆகாது. "நீங்க போயிட்டு வாங்க, நான் பெரியவ வீட்ல இருக்கேன்" என்று உடனே சொல்லிவிட்டாள். பேத்தி செல்போனில் காட்டியது யூரெயில் பாஸ். 1959-ல் தொடங்கியது. இன்று 33 நாடுகளில் செல்லும். நம் இண்ட்ரெயிலின் அதே தத்துவம், இப்போது நாம் கவுண்டரின் அந்தப் பக்கம். 27 வயதுவரை இளையோர் கட்டணம், 60 தாண்டினால் முதியோர் சலுகை. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரனின் பாஸில் பேத்திக்கு இடம் கிடையாது. இதில் இரண்டு பேருக்கும் தள்ளுபடியோடு இடம் இருக்கிறது.

நான் ஒரு கோடு போட்ட நோட்டில் திட்டம் எழுதினேன். ஊர், வண்டி, புறப்பாடு, வந்து சேரும் நேரம், அடுத்த வண்டிக்கு இடைவெளி. அவள் பொறுமையாக முழுக்கப் படித்துவிட்டுக் கேட்டாள்: "ஒரு ஊர் ரொம்பப் பிடிச்சுப்போச்சுன்னா, அதை எங்க எழுதுவீங்க?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் திட்டம் தொடங்கியது. நெகிழ்வு என்றால் எதையும் முடிவு செய்யாமல் கிளம்புவது என்று இளையவர்கள் நினைக்கிறார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது. பேசிப் பார்த்ததில் அவள் அப்படி நினைக்கவில்லை. எதைக் கெட்டியாகப் பிடிக்கவேண்டும், எதை விடலாம் என்று பிரிப்பதுதான் வேலை என்றாள். அந்த வேலை எனக்குத் தெரிந்த தொழில்.

ஐரோப்பாவில் முன்கூட்டியே வாங்கும் மலிவு டிக்கெட் பல நேரம் பாஸைவிட லாபம். ஆனால் குறித்த வண்டியில்தான் ஏறவேண்டும். பாஸ் சற்று விலை கூட. மனம் மாறினால் அடுத்த வண்டி. பாஸ் இருந்தாலும் எல்லா வண்டியிலும் ஏறிவிட முடியாது. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் அதிவேக வண்டிகள், ஸ்பெயினின் நீண்டதூர வண்டிகள், லண்டன் போகும் யூரோஸ்டார், இவற்றுக்கெல்லாம் தனியாகப் பணம் கட்டி ரிசர்வ் செய்யவேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் பெரும்பாலான உள்நாட்டு வண்டிகளுக்கு அது வேண்டாம். பாஸைக் காட்டி உட்காரலாம். ஆகவே நெகிழ்வாகச் சுற்ற விரும்புகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது நாட்டின் அழகை அல்ல, அந்த நாட்டு ரயிலின் ரிசர்வேஷன் விதியை. இதைச் சொன்னபோது பேத்தி கணினியில் ஒரு புது வரைபடம் வரைந்தாள். ரிசர்வேஷன் கேட்காத நாடுகள் மட்டும் பச்சை. எங்கள் பயணம் அந்தப் பச்சைக்குள்தான்.

நேரம் தவறாமைக்கு ஜெர்மனி என்று சித்தப்பா எழுதிய காலம் போய்விட்டது. 2024-ல் அந்நாட்டு நீண்டதூர வண்டிகளில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைக் கணக்கில் சேர்க்காமல். நான் எழுதிய பன்னிரண்டு நிமிட இடைவெளிகள் எல்லாம் அடிபட்டுப் போயின. வண்டி மாறும் இடத்தில் ஒரு மணி நேரம் என்று வைத்துவிட்டோம். ஸ்டேஷனில் காப்பி குடிக்கலாம், என் முழங்காலுக்கும் நல்லது.

இதற்கு நடுவே ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பழைய டிரங்க் ரோட்டில் பழைய மானிட்டர், தையல் மெஷின் சக்கரம், புறாக் கூண்டு, ரோஜாச் செடி, ஜோடி சேராத செருப்பு என்று எல்லாம் தரையில் விரித்துக் கிடக்கும். பழைய புத்தகக் குவியலில் சிவப்பு அட்டையோடு ஒன்று: தாமஸ் குக் நிறுவனத்தின் ஐரோப்பிய ரயில் டைம் டேபிள். எண்பதுகளின் பிரதி. 1873-லிருந்து வந்துகொண்டிருந்த புத்தகம் அது. 2013-ல் அந்த நிறுவனம் நிறுத்த, பிறகு அதில் வேலை செய்தவர்களே வேறு பெயரில் எடுத்து நடத்தினார்கள். முதுகு பிய்ந்து, ஓரம் ஈரத்தில் உப்பியிருந்தது. உள்ளே எழுத்து தெளிவு. கிழக்கு ஜெர்மனி, யூகோஸ்லாவியா, செக்கோஸ்லோவாகியா எல்லாம் தனித்தனி அட்டவணையாக இருந்தன. எல்லை ஸ்டேஷன்களில் வண்டி நெடுநேரம் நிற்கும்.

அந்தப் புத்தகம் அச்சான காலத்தை ஒட்டி, 1985 ஜூன் 14 அன்று, லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தருகே ஆற்றில் நின்ற கப்பலில் ஐந்து நாடுகள் எல்லைச் சோதனையை எடுத்துவிட ஒப்புக்கொண்டன. நடைமுறைக்கு வந்தது 1995 மார்ச்சில். இன்று 29 நாடுகள். சித்தப்பா இக்கரையிலிருந்து பார்த்த ரைன் நதியை இன்று டிராமில் உட்கார்ந்தபடி தாண்டிப் போகிறார்கள்.

அந்த டைம் டேபிளில் சுவிஸ் மலை வண்டிகளின் பக்கத்தைத் தேடினேன். எனக்கு ஐரோப்பாவில் பார்க்கவேண்டும் என்று ஒன்றே ஒன்றுதான். செயின்ட் மோரிட்ஸிலிருந்து பெர்னினா கணவாய் ஏறி இத்தாலியின் டிரானோவில் இறங்கும் ரயில். அது மீட்டர் கேஜ். 1910-ல் முழுமையானது. கணவாயின் உச்சி ஸ்டேஷன் 2,253 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு எழுபது மீட்டர் என்ற ஏற்றத்தைப் பல்சக்கரம் இல்லாமல், வெறும் சக்கரமும் தண்டவாளமும் உரசும் பிடிப்பிலேயே ஏறுகிறது. நம் நீலகிரி ரயிலும் மீட்டர் கேஜ்தான். அங்கே ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று என்பதால் கல்லாறிலிருந்து குன்னூர்வரை பல்தண்டவாளம். 1908-ல் ஊட்டி போய்ச் சேர்ந்த அந்தப் பாதைக்கு எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சின்கள் வந்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலிருந்து. பிற்பாடு நம் பொன்மலைப் பணிமனையிலேயே அதே ரகத்தைச் செய்தார்கள். நீலகிரிப் பாதையை 2005-லும் பெர்னினா பாதையை 2008-லும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பல்லாவரத்தில் பிறந்தவனுக்கு மீட்டர் கேஜ் என்றால் வீட்டு வாசல். சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம்வரை 1931-ல் மின்சார வண்டி ஓடியதும் மீட்டர் கேஜில்தான். 2004-ல் அது நின்று எல்லாம் பிராட்கேஜ் ஆனது. நல்லதுக்குத்தான், கூட்டம் தாங்காது. ஆனாலும் அந்தச் சிறிய பெட்டியின் ஆட்டம் உடம்பில் தங்கிவிட்டது. உலகத்தின் மிகப் பணக்கார நாடுகளில் ஒன்று தன் மீட்டர் கேஜைக் கைவிடாமல் வைத்து ஊர்க்காரர்களையும் அதிலேயே ஏற்றிப் போகிறது. அதைக் கண்ணால் பார்க்கவேண்டும். கண்ணாடிக்கூரை போட்ட சுற்றுலா வண்டிக்கு ரிசர்வேஷன் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண வண்டிக்கு வேண்டாம், சில பெட்டிகளில் ஜன்னலையும் திறக்கலாம். "தாத்தா, நமக்கு சாதாரண வண்டிதான்" என்று பேத்தியே சொன்னாள். அந்த ஒரு நாளை மட்டும் பேனாவால் எழுதியிருக்கிறோம். மற்றதெல்லாம் பென்சில்.

பேனாவால் எழுதியவை இன்னும் சில: நள்ளிரவுக்குப் பிறகு மீனம்பாக்கத்தில் ஏறி நேராக பிராங்க்பர்ட்டில் இறங்குவது, இறங்கிய ஊரில் லிஃப்ட் உள்ள விடுதி, திரும்பும் விமானம். எந்த ஊரானாலும் மூன்று இரவுக்குக் குறையக்கூடாது.

விசா விஷயத்தில் காலம் ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறது. அன்று நம் அரசாங்கம் எங்கே போகிறாய் என்று கேட்டது. இன்று அது கேட்பதில்லை, போகிற நாடு கேட்கிறது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்கவேண்டும். 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, தங்குமிடச் சான்று, போக்குவரத்துத் திட்டம். ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறையக்கூடாது. ரத்து செய்தால் பணம் திரும்பும் விடுதிகளாகப் பார்த்து, உண்மையிலேயே நாங்கள் நினைத்திருக்கும் வழியைக் கொடுக்கிறோம். அதிக நாள் சுவிட்சர்லாந்து என்பதில் மாற்றம் இல்லை. அவள் ஆபீஸ் லீவு கடிதம் வைக்கிறாள், நான் பென்ஷன் பேப்பர். வயதானவர்கள் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு அது செல்லுமா என்று வரி வரியாகப் படித்துப் பார்க்கவேண்டும். மாத்திரையும் டாக்டர் சீட்டும் கைப்பையில்.

வளர்ந்த பேத்தியோடு போவதில் நான் அதிகம் யோசித்தது இதையெல்லாம் அல்ல. சின்ன வயதில் அவளைக் கையைப் பிடித்து கிண்டிப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். இப்போது யார் யாரைக் கூட்டிப்போகிறோம் என்பதே இல்லை. "மத்தியானம் நீங்க தூங்குங்க, நான் மியூசியம் போய்ட்டு வரேன். ராத்திரி நான் வெளிய போனா காத்துக்கிட்டு உக்காராதீங்க, மெசேஜ் பண்றேன்" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தாள். சரி என்றேன். சொல்வது சுலபமாக இருக்கவில்லை, இருந்தாலும் அதுதான் நியாயம். அவள் என்னைக் காவல் காக்கக்கூடாது, நான் அவளைக் காவல் காக்கக்கூடாது. பணத்தில் பாஸும் விமானமும் என் செலவு, விடுதி பாதிப் பாதி, சாப்பாடு அவள் பொறுப்பு. எல்லாம் நான் தருகிறேன் என்றபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. சம்பாதிக்கிற பெண்ணிடம் அந்தப் பேச்சை நீட்டக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

டிரானோவில் இறங்கிய பிறகு என்ன என்பது இன்னும் முடிவாகவில்லை. அங்கிருந்து கோமோ ஏரிக்கரையை ஒட்டி மிலானுக்குச் சாதாரண வண்டி உண்டு, ரிசர்வேஷன் கேட்காது. வந்த மலையிலேயே திரும்பி ஏறி வடக்கே ஆஸ்திரியாவுக்கும் போகலாம். அவளுக்கு வியன்னா ஆசை. எனக்கு அந்த மலையில் இன்னொரு முறை ஏறினாலும் சம்மதம். இரண்டு பக்க வண்டிகளின் நேரத்தையும் பென்சிலால் எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கே பிளாட்பாரத்தில் நின்று அவள் சொல்லட்டும்.