அளக்கத் தெரிந்தவர்கள்

அரியலூர் சிமெண்ட் ஆலைகளைத் திட்டுவதற்கு ஊரில் ஆள் நிறைய உண்டு. நான் புகழ வேண்டும் என்றே எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதில் ஒரு சொல்லையும் பிறகு திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

அந்த ஆலைக்காரர்களைப் போல அளக்கத் தெரிந்தவர்கள் அரியலூர், பெரம்பலூர் ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களில் வேறு யாரும் இல்லை. சுரங்கத்திலிருந்து வரும் லாரி எடை மேடையில் ஏறி இறங்காமல் உள்ளே நகராது. கல்லில் சுண்ணாம்பு எவ்வளவு, சிலிக்கா எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் இரவும் பகலும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். சூளைக்குள் சுமார் 1,450 டிகிரி வெப்பம். அது கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். மூட்டை 50 கிலோ என்றால் 50 கிலோதான். குறைந்தால் மெஷினே ஒதுக்கித் தள்ளிவிடும்.

கல்லைப் படிப்பதிலும் கெட்டிக்காரர்கள். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் இங்கே கடல் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டிலேயே பிளான்ஃபோர்ட் என்ற புவியியலாளர் அந்தக் கடல் விட்டுச்சென்ற பாறைகளை உட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்துப் பெயரிட்டார். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரமும், கல்லங்குறிச்சிப் பக்கம் வெட்டினால் சிப்பி சிப்பியாக வரும் கல்லும் அந்தக் கடலின் மிச்சம். 1979-ல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் அரியலூரில் அரசு ஆலையைத் தொடங்கியது. பிறகு பெரிய பெரிய தனியார் கம்பெனிகள் வரிசையாக வந்தன. போர் போட்டு, மாதிரி எடுத்து, எந்தக் கொல்லைக்கு அடியில் எத்தனை அடி ஆழத்தில் என்ன தரத்தில் கல் கிடக்கிறது என்று வரைபடமே போட்டுவிட்டார்கள். மேலே சோளமும் பருத்தியும் போட்டுக்கொண்டிருந்தவருக்கு அந்த வரைபடம் கிடைக்கவில்லை. விலை பேசியபோது அது மானாவாரி நிலமாகத்தான் பேசப்பட்டது என்பது ஊர்க்காரர்களின் நெடுநாள் மனக்குறை.

சட்டத்துக்குக் கட்டுப்படுவதிலும் குறை சொல்ல முடியாது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. செய்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வகுப்பறை, கண் சிகிச்சை முகாம், தையல் மெஷின், மரக்கன்று, குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். நாணயம் போட்டால் குடம் நிறைகிறது. அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர். கோடையில் இடுப்பில் குடத்தோடு வந்து நிற்கும் பெண்ணுக்கு அது பெரிய உதவி. மேலே பலகையில் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது, ஊரின் பெயர் சின்ன எழுத்தில். கொடுத்தவர் பெயர் மறக்காமல் எழுதப்பட்டிருப்பது நல்ல வழக்கம். அதே பலகையில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது: பக்கத்துச் சுரங்கக் குழியிலிருந்து நாளொன்றுக்கு எவ்வளவு நீர் இறைக்கப்படுகிறது, ஊர்க் கிணற்றில் நீர்மட்டம் இந்த மாதம் எத்தனை அடி.

இந்தக் கணக்கு அவர்களிடம் இருக்கிறது என்று தெரிந்துதான் கேட்கிறேன். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலையும் சுரங்கமும் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றின என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும். புகைபோக்கியில் பொருத்திய கருவி தூசியின் அளவை ஓயாமல் பதிவுசெய்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நேரடியாக அனுப்புகிறது. அறிக்கை ஆங்கிலத்தில் போகிறது. கொடியில் காயப்போட்ட வேட்டியை உதறி மடிக்கிற அம்மா, பருத்தி இலையை விரலால் தேய்த்துப் பார்க்கிற விவசாயி, இவர்கள் கையில் ஒட்டும் தூசி எந்த அறிக்கைக்கும் போவதில்லை.

தொழிலாளிகளைப் பார்த்துக்கொள்வதையும் சொல்ல வேண்டும். நிரந்தர வேலையில் இருப்பவருக்குக் குடியிருப்பு, பிள்ளைக்குப் பள்ளி, தீபாவளிக்கு போனஸ் என்று பல வசதிகள். அந்த வேலை கிடைத்த வீட்டில் அடுத்த தலைமுறை படித்து மேலே வந்துவிடுகிறது. இது கண்கூடு. அதே கேட்டில், அதே ஷிப்டுக்கு, அதே தூசிக்குள் காண்ட்ராக்ட் ஆளும் நுழைகிறார். உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் நிமிடம் பிசகாமல் பதிவாகின்றன. எத்தனை ஆண்டாக வருகிறார் என்று கேட்டால் மட்டும் ஒப்பந்தக்காரரைக் கேட்கச் சொல்கிறார்கள். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னது. இத்தனை துல்லியமாக வருகைப்பதிவு வைத்திருக்கும் கம்பெனி, தன் வளாகத்தில் ஒருவர் எத்தனை ஆண்டு உழைத்தார் என்று தெரியாமல் இருக்கும் அளவுக்குத் திறமை குறைந்தது என்று நான் ஒருநாளும் நம்ப மாட்டேன்.

லாரியும் அப்படித்தான். கல் ஏற்றிய லாரி எங்கே நிற்கிறது, எத்தனை நடை அடித்தது, எத்தனை டன் கொண்டுவந்தது எல்லாம் கணக்கில் இருக்கிறது. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் ஓட்டுநர் பறக்கத்தான் செய்வார். சைக்கிளில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சாலைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறார்கள், நல்ல வகுப்பு. ஓரமாகப் போகச் சொல்லித் தருகிறார்கள். ஓரத்தில்தான் சிந்திய கல்லும் புழுதியும் கிடக்கின்றன.

பணக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 2014-ல் சாதாரணச் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 80 ரூபாய் ராயல்டி நிர்ணயிக்கப்பட்டது. 2015-ல் கனிமச் சட்டத்தில் வந்த திருத்தத்தின்படி, பழைய குத்தகைதாரர்கள் அந்த ராயல்டியில் 30 சதவீதத்தை மாவட்ட கனிம அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். அதாவது ஒரு டன்னுக்கு 24 ரூபாய். சூளையில் வெந்து, பிறகு சிமெண்டாக அரைபடும் கிளிங்கர் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் கல் வேண்டும். ஒரு டன் சிமெண்ட் 20 மூட்டை. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காக ஒதுக்கப்படும் அந்தப் பணம் மூட்டைக்கு இரண்டு ரூபாய்கூட வராது. கிணறும் சாலையும் மூச்சும் போன ஊருக்கு இது போதும் என்று எந்த எடை மேடையில் நிறுத்துப் பார்த்தார்கள்? விகிதத்தை வகுத்தது அரசு, அறக்கட்டளையை நடத்துவதும் மாவட்ட நிர்வாகம். அதற்கு மேல் ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று கம்பெனிகளை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

இவர்களால் முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. 1,450 டிகிரியை ஆளத் தெரிந்தவர்களுக்கு ஓர் ஊர்க் கிணற்றின் ஆழம் பிடிபடாதா? அடுத்த கிராம சபைக்கு ஆலை அதிகாரி ஒருவர் வரட்டும். நீர்மட்டம், தூசி அளவு, லாரி நடை, காண்ட்ராக்ட் ஆட்களின் எண்ணிக்கையும் பணிக்காலமும், மூடப்போகும் குழியை எந்த ஆண்டுக்குள் எப்படிச் சரிசெய்வார்கள் என்ற திட்டம், இத்தனையையும் தமிழில் எழுதி எடுத்துவந்து படிக்கட்டும். ஊராட்சி அலுவலகத்தில் நாற்காலி போட்டு, மைக்கும் கொடுக்க ஊர் தயாராக இருக்கிறது.