வேப்பூரிலிருந்து கடற்காட்சி: ஒரு நடுநிலை ஆய்வு

கடலோரத்துப் பழைய ஃபிளாட்டுக்குள் வெளிச்சத்தையும் கடலையும் ஒருசேரக் கொண்டுவருவது எப்படி என்ற இந்த ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட களம் வேப்பூர். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் விருத்தாசலம்–சேலம் சாலையும் சந்திக்கும் இவ்வூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை உண்டு, கடல் கிடையாது. ஆகவே ஆய்வாளர் அலையழகில் மயங்கித் தீர்ப்பைக் கெடுத்துக்கொள்ள வழியில்லை.

முதலில் கணக்கு. கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் வரும். மணலில் நிற்பவருக்கு நாலரை. மூன்றாம் மாடிக்காரருக்குப் பன்னிரண்டு. வேப்பூருக்கு வங்கக்கடல் நேர்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர். அதைப் பார்க்க, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 385 மீட்டர் உயரத்தில் மொட்டைமாடி வேண்டும். அப்ரூவல் கிடைப்பது சிரமம்.

எனவே ஆய்வு சென்னையின் பெசன்ட் நகருக்கு இடம்பெயர்கிறது.

அங்கே கடலை மறைப்பது சுவர் என்பதே பரவலான நம்பிக்கை. பால்கனியை உற்றுப் பார்த்தால் வேறு குற்றவாளிகள் அகப்படுகிறார்கள். வெளியே துருவேறிய கிரில், அதன்மேல் தூசி அடைத்த கொசுவலை, கொடியில் ஈர வேட்டி, மூலையில் காலொடிந்த நாற்காலி, அதன்மேல் விருத்தாசலத்துப் பீங்கான் ஜாடி. ஜாடிக்குள் ஒன்றுமில்லை, அகற்றத்தான் யாருக்கும் மனம் வராது.

இரண்டாவது சிக்கலைக் கொத்தனார் தீர்க்க முடியாது. சோழமண்டலக் கரையில் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் சூரியன் நேரே முகத்தில் அடிப்பதால் ஹால் வெளிச்சமாக இருக்கும், கடலோ கூசும். மாலையில் சூரியன் முதுகுப்பக்கம் போனதும் நீலம் தெளிகிறது, ஹால் இருண்டுவிடுகிறது. கடல்பக்கச் சுவரை முழுக்கப் பெயர்த்துக் கண்ணாடி வைத்தாலும் இந்த முரண் தீராது. மாலை வெளிச்சம் மேற்கிலிருந்துதான் வரவேண்டும். பின்னறைக் கதவுக்கு மேல் ஒரு கண்ணாடி வென்டிலேட்டர், வெளிர்நிறச் சுவர், வெள்ளை டைல்ஸ். டைல்ஸ் விஷயத்தில் செராமிக் ஊரான விருத்தாசலத்தின் பக்கத்து ஊர்க்காரர் சொல்வதை நம்பலாம்.

இடிக்கத் துடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய கட்டடங்களில் ஒன்பது அங்குலச் சுவர் பெரும்பாலும் மேல்மாடியைத் தாங்குகிறது. நாலரை அங்குலம் பெரும்பாலும் வெறும் தடுப்பு. இந்தப் ‘பெரும்பாலும்’ என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்த்து நீக்க வேண்டும். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் பூச்சு வெடித்து விழுகிறது. காரை உதிர்ந்த லிண்டலைச் சரிசெய்யாமல் ஜன்னலை அகலமாக்குவது தலைக்கு ஆபத்து. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி வேறு காத்திருக்கிறது. பால்கனியை வெளியே நீட்ட நினைப்பவர்கள் அதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

ஆய்வின் பரிந்துரை: வேட்டியை மொட்டைமாடியில் காயப்போடுங்கள், கொசுவலையைக் கழுவுங்கள், ஜாடியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அப்படியும் கடல் தெரியாவிட்டால் கொத்தனாரைக் கூப்பிடலாம்.