ஒரு தரம்... இரண்டு தரம்... பட்டம்!

சிங்கப்பூரில் கார் வாங்கும் முன் அதை வாங்கும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990 முதல் இதுதான் வழக்கம். வாகன உரிமைச் சான்றிதழ் என்று பெயர், பத்தாண்டில் காலாவதி. தீவு சிறியது, சாலை போதாது, சரி. ஆனால் அதே சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வகுப்பறைக்குள்ளும் நுழைந்தார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது.

சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் பாடங்களைப் பிரித்துக் கொடுக்கும் கணினி அமைப்புக்குப் பெயர் 'பாஸ்' (BOSS). பெயரிலாவது ஒளிவுமறைவு இல்லை. கல்விக் கட்டணத்தை அசல் வெள்ளியில் கட்டி முடித்த பிள்ளைக்குப் பாஸ் கொஞ்சம் இ-டாலர் கொடுக்கும். அதை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே காசு கொடுத்த படிப்பை மறுபடியும் ஏலம் கேட்க வேண்டும். மொய் எழுதிவிட்டுப் பந்திக்குப் போனால், இலைக்குத் தனி ஏலம்!

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. இங்கே துண்டுக்குப் பதில் கணினித் திரை. சுற்றுச் சுற்றாக ஏலம். போன பருவத்தில் எந்த ஆசிரியர் என்ன விலைக்குப் போனார், அடிவிலை எது, நடுவிலை எது என்று இருபது வயதுப் பிள்ளைகள் தரகர்களைப் போலக் கணக்குப் போடுகிறார்கள். பாடத்திட்டத்தை அவ்வளவு உன்னிப்பாக யாரும் படித்திருக்க மாட்டார்கள். நன்றாகச் சொல்லிக் கொடுப்பவர் விலை ஏறுகிறார். தூங்க வைப்பவர் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறார். அவரை யாரும் மாற்றுவதில்லை, மலிவுப் பதிப்பாக நீடிக்கிறார்.

45 இருக்கை, கேட்பவர் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஏலம் முடிந்த பிறகும் 45 இருக்கைதான், 100 பேர்தான். இன்னொரு வகுப்புத் திறக்கவில்லை, இன்னோர் ஆசிரியரை எடுக்கவில்லை. ஆனால் இடம் கிடைக்காத 55 பேரும் நிர்வாகத்தின் கதவைத் தட்டுவதில்லை. 'இன்னும் அஞ்சு டாலர் சேர்த்துக் கேட்டிருக்கலாமே' என்று தங்கள் தலையில் தாங்களே குட்டிக்கொள்கிறார்கள். திருடு கொடுத்தவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, அவன் வாயாலேயே ஒப்புதல் வாக்குமூலமும் வாங்கும் இந்தச் சாமர்த்தியத்துக்குத்தான் அத்தனை மென்பொருளும். குலுக்கல் மட்டும் யோக்கியமா என்பார்கள். இல்லைதான். ஆனால் குலுக்கலில் தோற்றவன் தன்னைத் திட்டிக்கொள்ள மாட்டான்.

ஆசை அதிகம் உள்ளவனுக்கே இடம் போகிறது என்பது ஏலத்தை ஆதரிப்பவர்களின் வாதம். சோன்மெஸ், யூன்வர் என்ற இரு பொருளியலாளர்கள் 2010இலேயே இதன் சாயத்தை வெளுத்துவிட்டார்கள். கேட்கும் தொகை ஆசையின் அளவு அல்ல. மற்றவர்கள் எவ்வளவு கேட்பார்கள் என்ற யூகம். உயிராய் விரும்பிய பாடம் மலிவாகக் கிடைக்கும் என்று நம்பிக் குறைத்துக் கேட்டால், அதில் உனக்கு அக்கறையே இல்லை என்று பாஸ் எழுதிக்கொள்ளும்.

இன்னொரு வேடிக்கை. இந்தப் பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கியபோது அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளிதான் முன்மாதிரி. அந்த வார்ட்டனே தன் பாட ஏலத்தை 2013இல் தலைமுழுகிவிட்டு, விருப்பத்தைச் சொன்னால் கணக்கைக் கணினி பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு மாறியது. உள்ளூரில் தேசியப் பல்கலைக்கழகமும் தன் ஏலக்கடையை மூடிவிட்டது. குரு கழற்றி எறிந்த செருப்பைச் சீடன் சிம்மாசனத்தில் வைத்துப் பூஜை செய்கிறான்.

ஏலம் அவ்வளவு உயர்ந்தது என்றால் உயரதிகாரிகளும் அனுபவிக்கட்டும். தினமும் காலையில் ஆளுக்கு நூறு இ-டாலர். அவரவர் நாற்காலிக்கு ஒரு சுற்று, குளிரூட்டிக்கு ஒரு சுற்று, கழிவறைச் சாவிக்குக் கடைசிச் சுற்று. குறைத்துக் கேட்டவர் மாலைவரை அடக்கிக்கொள்ளட்டும், ஆசை போதவில்லை.

பட்டம் வாங்கும் நாளில் மிச்சமிருக்கும் இ-டாலருக்கு ஒரு கோப்பி ஓ கூடக் கிடைக்காது. அதே பிள்ளை பக்கத்து உணவங்காடிக்குப் போய் மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்தால் போதும். கூட்டம் அலைமோதும் மதிய நேரத்திலும் அந்த இருக்கையை ஒருவரும் தொடமாட்டார்கள்.