ஃபார்மட் அடிச்சிடலாம் சார்

எல்லா அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒருவர் இருப்பார். அசோசியேஷனில் அவருக்குப் பதவி கிடையாது, ஆனால் செயலாளரை விட அவருக்குத்தான் போன் அதிகம். மாதத்தின் இரண்டாவது செவ்வாய் கழிந்து புதன் விடிந்தால் அவருக்குக் கால் தரையில் பாவாது. 2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்களை மாதாமாதம் அந்தச் செவ்வாயில்தான் வெளியிடுகிறது. அங்கே காலை, நமக்கு ராத்திரி. செவ்வாய்க்கிழமை எதையும் தொடங்கக் கூடாது என்று அவர் மனைவி சொல்வதை மற்ற எல்லா விஷயத்திலும் மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர், இதில் மட்டும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்கிறார்.

முதல் கட்ட சிகிச்சை போனிலேயே நடக்கும்.

"சார், நேத்து ராத்திரி என்னமோ அப்டேட் ஓடுச்சு. காலையிலேர்ந்து சிஸ்டம் நகரவே மாட்டேங்குது. எக்செல் திறந்தா வெளுத்துப்போய் அப்படியே நிக்குது."

"ரேம் எவ்வளவு?"

நோய் எதுவானாலும் முதல் கேள்வி இதுதான். நாலு என்றாலும் "ம்ஹூம்" என்பார், பதினாறு என்றாலும் "ம்ஹூம்" என்பார்.

"சரி, டெஸ்க்டாப்ல ரைட் கிளிக் பண்ணுங்கம்மா."

"பண்ணிட்டேன் சார்."

"என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரலையே. ஸ்கிரீன்ல வலது பக்கம் ஓரமா கொண்டுபோய்த்தான் கிளிக் பண்ணேன்."

"இருங்க, நானே வரேன்." இதைச் சொல்வதற்குத்தான் அவர் அதுவரை பேசியதே.

வருவார். சட்டைப் பையில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், கழுத்துப் பட்டையில் ஒரு பென் டிரைவ், கூடவே பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர் ஒன்று. ரப்பர் எதற்கு என்று புதிதாகக் குடிவந்தவர்கள் மட்டும்தான் கேட்பார்கள். ரேமைக் கழற்றி அதன் தங்கப் பற்களைத் தேய்ப்பதற்கு. கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் பீப் பீப் என்று கத்தினால் அது நிஜமாகவே பலிக்கும் வைத்தியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அப்டேட்டுக்குப் பிறகு பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றாலும் அவர் ரேமைத்தான் தேய்க்கிறார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் ரிஃப்ரெஷ். ரைட் கிளிக் செய்து, ரிஃப்ரெஷ் செய்து, மறுபடி ரைட் கிளிக் செய்து, பிறகு பொறுமையிழந்து எஃப்5 பொத்தானில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பார். திரையில் ஐகான்கள் கண்சிமிட்டும். ரிஃப்ரெஷ் செய்வது அவ்வளவுதான், அந்த ஐகான்களை மறுபடி வரைவது. ரேமில் ஒரு துளி கூட அதனால் காலியாவதில்லை. இருந்தும் நம் ஊரில் மூன்று தலைமுறை கம்ப்யூட்டர் சென்டர்கள் இதைச் சொல்லிக்கொடுத்தே பிழைத்திருக்கின்றன.

அடுத்து ரன் பெட்டி. டெம்ப், பர்சன்ட் டெம்ப் பர்சன்ட், ப்ரீஃபெட்ச் என்று உதடு முணுமுணுக்க அடிப்பார். திறக்கிற ஒவ்வொரு ஃபோல்டரிலும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட்டோடு டெலீட். முதல் இரண்டையும் அழிப்பதில் இடம் கொஞ்சம் மிச்சம். ப்ரீஃபெட்ச் வேறு சரக்கு. நாம் அடிக்கடி திறக்கும் மென்பொருள்கள் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்புகள் அவை. அழித்தால் அடுத்த முறை எல்லாம் இன்னும் மெதுவாகத் திறக்கும். அதையும் அவர் கவனிப்பார், "பார்த்தீங்களா, எவ்வளவு குப்பை இருந்தா இப்படி இழுக்கும்!" என்பார்.

சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்ட்' கண்ணில் பட்டுவிட்டால் தீர்ந்தது. பழசு என்று பெயரிலேயே இருக்கிறதே! பெரிய அப்டேட் சரிப்படவில்லை என்றால் பத்து நாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்புவதற்கென்று விண்டோஸ் வைத்திருக்கும் ஒரே வழி அதுதான். அதை அழித்துவிட்டு, ஜிபி கணக்கில் இடம் மிச்சம் பிடித்த பெருமிதத்தோடு நிமிர்வார். பிறகு வீட்டுக்காரர் மெல்ல, "பழையபடி பண்ண முடியாதா சார்?" என்று கேட்டால், "இந்த அமெரிக்காக்காரன் அதுக்கெல்லாம் வழியே வைக்கமாட்டான்" என்று பதில் வரும்.

ரீஸ்டார்ட்டை அவர் மதிப்பதில்லை, அது பெண்டு பிள்ளைகள் செய்வது. ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, மனசுக்குள் எண்ணி, மறுபடி சொருகுவார். விண்டோஸ் 8 வந்த 2012-இலிருந்து கதை தலைகீழ். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' உள்ள கம்ப்யூட்டரில் ஷட்டவுன் கொடுத்தால் அது தன் உள்நிலையில் ஒரு பகுதியை டிஸ்கில் சேமித்துக்கொண்டு தூங்குகிறது, மறுநாள் அதே கோளாறோடு எழுகிறது. முழுசாகப் புதிதாய்த் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான். இதை ஒரு தடவை பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அவரிடம் சொல்லிப் பார்த்தான். அவன் மார்க்கைப் பற்றிப் பேச்சு திரும்பிவிட்டது.

அவர் அறவே தொடாதது ஒன்று உண்டு. ஸ்டார்ட்டில் 'ரிலையபிலிட்டி' என்று அடித்தால் ஒரு பக்கம் வரும். பஞ்சாங்கம் மாதிரி நாள்வாரியாகக் கட்டம் போட்டு, எந்த நாள் எந்த மென்பொருள் விழுந்தது என்று சிவப்புப் பெருக்கல் குறி, அதே நாளில் என்னென்ன அப்டேட்டும் டிரைவரும் ஏறின என்று கீழேயே விவரம். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். டிரைவர் என்று தெரிந்தால் டிவைஸ் மேனேஜரில் அதை மட்டும் பழைய பதிப்புக்குத் தள்ளிவிடலாம். ஆனால் அதில் கழற்றுவதற்கு ஒன்றும் இல்லை, தேய்ப்பதற்கும் இல்லை.

அப்டேட் கொடுக்கவே கூடாது என்பது அவர் கட்சி. சாட்சிகளும் வைத்திருக்கிறார். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அது உண்மை. 2024 ஜூலை 19 அவருடைய பொன்னாள். உலகம் முழுக்க 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு உட்கார்ந்தன, நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு லிஃப்ட்டில் ஏறியவர், இறங்கியவர் எல்லோரிடமும், "நான் அன்னைக்கே சொன்னேன்ல?" அது விண்டோஸ் அப்டேட்டே இல்லை, நிறுவனங்கள் வாங்கிப் போடும் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் அனுப்பிய பழுதான கோப்பு என்பதெல்லாம் லிஃப்ட் பயணத்துக்குள் அடங்காத விவரங்கள். ஒன்று சொல்ல வேண்டும். அன்று அந்த நீலத் திரைகளில் பெரும்பகுதியை எழுப்பியவர்கள், ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் அந்த ஒரு கோப்பைக் கையால் அழித்தவர்கள்தான். வீடு தேடி வந்து உட்காருகிறவனுக்கு உலகத்தில் இன்னும் வேலை இருக்கிறது.

எல்லாம் செய்தும் கம்ப்யூட்டர் முனகும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதம். அப்போதுதான் அந்த வாக்கியம் வரும்: "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்." வீட்டுக்காரருக்கு முகம் வெளிறும். பொண்ணு கல்யாண போட்டோ எல்லாம் அதில்தான். நல்லவேளையாக அந்த நேரத்தில் காபி வரும்.

காபியோடு விண்டோஸ் 98 கதையும் வரும். ஃபாக்ஸ்ப்ரோ, ஃபிளாப்பி, ஏசி அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த காலம், 32 எம்பி ரேமில் தான் ஒரு கூட்டுறவு சங்கத்தையே ஓட்டியது. இரண்டாவது காபியும் ஆகும். பெரிய அப்டேட் முடிந்த கையோடு கம்ப்யூட்டருக்குச் சொந்த வேலை கொஞ்சம் கிடக்கும். தேடுவதற்கான அட்டவணையை மறுபடி எழுத வேண்டும், டிஃபெண்டர் எல்லாக் கோப்பையும் ஒரு சுற்று பார்க்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதற்கே மணிக்கணக்காகும். யாரும் தொடாமல் விட்டால் தானே முடித்துக்கொள்ளும். கதை நடக்கும்வரை யாரும் தொடவில்லை.

டிஸ்க் நூறிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கியிருக்கும். எக்செல் சட்டென்று திறக்கும்.

"ரிஃப்ரெஷ் பண்ணது இப்பத்தான் வேலை செய்யுது" என்பார். பணம் நீட்டினால் கோபித்துக்கொள்வார். வாசலில் செருப்பு மாட்டும்போது கண் மூலையில் இருக்கும் மோடத்தின் மேல் விழும். திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பார்.

"ஏன் இது இவ்வளவு சூடா இருக்கு? ஸ்டூல் இருக்குமா?"